வாஷிங் மெஷினில் எவ்வளவு துணி: பாதியா, கை அகலம் விட்டா, கதவு மூடும் வரையா?

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். வீட்டில் ஐந்து பேர். ஏழு கிலோ ஃபிரண்ட் லோடு வாஷிங் மெஷின். மெட்ரோ தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. மற்ற நாட்களில் போர் தண்ணீர்தான். “தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் தண்ணீர் வீணாகிறது என்று அத்தை வருத்தப்படுகிறார். சேர்த்து வைத்து நிரப்பிப் போட்டால் காலர் அழுக்கு அப்படியே இருக்கிறது என்று என் கணவர் குறைப்படுகிறார். எவ்வளவுதான் போடுவது அக்கா?” என்று கேட்டிருந்தார்.

இதே கேள்வி காசிமேட்டிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் வேறு வேறு வடிவில் வந்திருக்கிறது. ஒருவருக்குத் தண்ணீர்க் கவலை, இன்னொருவருக்கு மின்கட்டணம், மற்றவருக்கு மெஷினிலிருந்து வரும் சத்தம். மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்: பாதி டிரம், மேலே ஒரு கை அகலம் விட்டு நிரப்புவது, கதவு மூடும் வரை திணிப்பது.

## துணி விழுந்தால்தான் துவைப்பு

நான் இருப்பது பழைய வண்ணாரப்பேட்டை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்றுமதித் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்ததால் வந்த பெயர் அது. உவர்மண்ணும் வெள்ளாவியும் இன்று கண்ணில் படுவதில்லை. ஆனால் அவர்கள் கையறிந்த அடிப்படை மாறவில்லை: நனைந்த துணி ஓங்கி விழ வேண்டும். கல்லில் அடித்துத் துவைக்கும்போது தோள் செய்யும் வேலையை இந்த மெஷினில் டிரம் செய்கிறது. அதன் உள்சுவரில் முகடுகள் இருக்கின்றன. டிரம் சுழலும்போது அவை துணியை மேலே தூக்கிச் செல்கின்றன. உச்சியை நெருங்கியதும் துணி தன் எடையாலேயே அடியில் இருக்கும் சோப்பு நீரில் விழுகிறது. அந்த அடிதான் அழுக்கை எடுக்கிறது. அடியில் நிற்கும் தண்ணீரோ மிகக் கொஞ்சம்; கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால் பல நேரம் கண்ணுக்கே தெரியாது.

விழ இடம் இல்லாத துணி மூட்டையாகச் சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். நடுவில் சிக்கிய சட்டை நனையும், ஆனால் அடிபடாது. காலர் அழுக்கு அப்படியே இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சோப்புத்தூள் அல்ல, இடம்தான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மெஷின்மேல் எழுதியிருக்கும் ‘ஏழு கிலோ’ என்பது உலர்ந்த துணியின் எடை. அதுவும் பருத்திக்கான புரோகிராமுக்கு மட்டும். பாலியஸ்டர் போன்ற செயற்கை இழைத் துணிக்கு அந்த அளவு ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. கம்பளி, மென்துணி, 15 நிமிடத் துரிதத் துவைப்பு ஆகியவற்றுக்குப் பல மெஷின்களில் இரண்டு கிலோ அளவுதான். மெஷினோடு வந்த கையேட்டில் இதற்கென்று ஓர் அட்டவணை இருக்கும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். துரிதத் துவைப்பில் ஏழு கிலோவைத் திணிப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அதற்கு ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துப் பிழிந்துவிடலாம்.

## எதை வைத்து எடை போடுவது

அழுக்குப் போகிறதா, சோப்பு முழுவதும் அலசப்படுகிறதா என்பவை முதல் இரண்டு அளவுகோல்கள். இவை தவறினால் மற்றவற்றில் மிச்சம் பிடித்தும் பயனில்லை. அடுத்து, ஒரு வாரத்துத் துணிக்கு மொத்தம் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம். ஒரு தடவைக்கு எவ்வளவு என்று பார்த்தால் கணக்குத் தவறிவிடும். ஐந்தாவது, மெஷினின் ஆயுள். ஆறாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: கொடி. ராயபுரத்திலும் கொருக்குப்பேட்டையிலும் நான்கு குடும்பங்களுக்கு ஒரே மொட்டை மாடி. துவைத்ததைக் காயப்போட இடம் இல்லாவிட்டால் எவ்வளவு துவைத்தும் துணியில் முடை நாற்றம்தான் வரும்.

எடை பார்ப்பது எளிது. குளியலறை எடை பார்க்கும் கருவியில் அழுக்குக் கூடையோடு ஒரு தடவை, கூடை இல்லாமல் ஒரு தடவை ஏறி நில்லுங்கள். வித்தியாசத்தில் காலிக் கூடையின் எடையைக் கழித்துவிடுங்கள். இரண்டு வாரம் செய்தால் கைக்கே எடை தெரிந்துவிடும். தோராயமாக ஒரு சட்டை 200 முதல் 250 கிராம், நைட்டி அல்லது கைலி 300, பெரிய டர்க்கி டவல் 500க்கு மேல், ஜீன்ஸ் 600 முதல் 800, இரட்டைக் கட்டில் விரிப்பு முக்கால் முதல் ஒரு கிலோ.

## பாதி டிரம்: சுமார் மூன்று கிலோ

துணி நன்றாக விழும், நன்றாக அலசப்படும். பள்ளிச் சீருடை, செயற்கை இழைப் புடவை, சுடிதார், கைக்குழந்தையின் துணி, தோல் ஒவ்வாமை உள்ளவர்களின் துணி ஆகியவற்றுக்கு இதுதான் சரியான அளவு. செயற்கை இழைத் துணியை அதற்குமேல் போட்டால் சுருக்கம் விழுகிறது. அதன்பின் இஸ்திரி போடுவதற்குள் பொறுமை போய்விடும்.

இதன் மறைமுகச் செலவு தண்ணீர். பாதித் துணிக்குப் பாதித் தண்ணீர் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இன்றைய மெஷின்கள் சுமையை உணர்ந்து நீரைக் குறைத்துக்கொள்கின்றன, உண்மைதான். ஆனால் அலசல்களின் எண்ணிக்கை குறைவதில்லை. குழாயிலும் தொட்டியின் அடியிலும் தேங்கும் நீர் எவ்வளவு துணி போட்டாலும் தேங்கத்தான் செய்யும்.

2019 கோடையில் புழல் ஏரி வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு நின்ற நாட்களில்தான் இதை அளந்து பார்த்தேன். மெஷினின் கழிவுநீர்க் குழாயை, தண்ணீர் பிடித்து வைக்கும் நீலப் பீப்பாயின் விளிம்பில் மாட்டினேன். (குழாய் முனையைத் தரையில் இருக்கும் வாளிக்குள் தாழ்த்திவிடக் கூடாது, மெஷின் உள்ளே எடுக்கும் நீர் தானாக வடிந்துகொண்டே இருக்கும். உயரமான பீப்பாய்தான் சரி.) பிறகு 15 லிட்டர் வாளியால் மொண்டு எண்ணினேன். என் ஏழு கிலோ மெஷினில் மூன்று கிலோ துணிக்கு மூன்று வாளி, அதாவது 45 லிட்டர். ஐந்து கிலோவுக்கு நான்கு வாளிக்குச் சற்றுக் குறைவாக, 58 லிட்டர். ஏழரை கிலோவைத் திணித்த அன்று நான்கரை வாளி, 68 லிட்டர்.

ஒரு வாரத்தில் 15 கிலோ துணி சேரும் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி பாதியாகத் துவைத்தால் ஐந்து தடவை, 225 லிட்டர். ஐந்தைந்து கிலோவாக மூன்று தடவை என்றால் 174 லிட்டர். அத்தையின் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது.

பாதி டிரம்முக்குக் கொடி மட்டும் நன்றி சொல்லும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு சட்டையும் நான்கு நைட்டியும் வீட்டுக்குள் ஒரே கயிற்றில் காய்ந்துவிடும்.

பாதியைவிடவும் குறைத்துவிடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு விரிப்பை, அல்லது குளியலறை மிதியடியை மட்டும் போட்டால், அது நீரைக் குடித்து ஒரு பக்கமாகக் குவிகிறது. ஸ்பின் வேகம் ஏற முயலும்போது எடை சமநிலை இல்லாமல் டிரம் ஆடும். மெஷின் நின்று, திருப்பி, மறுபடி முயலும். சில நேரம் பிழியாமலேயே முடித்துவிடும். அப்படிப்பட்ட துணியோடு இரண்டு டவலைச் சேர்த்துப் போடுங்கள்.

## கை அகலம் விட்டு: சுமார் ஐந்து கிலோ

துணிகளை ஒவ்வொன்றாக உதறி, அழுத்தாமல் போடுங்கள். பிறகு உள்ளங்கையை விரித்து, துணிக் குவியலுக்கும் டிரம்மின் கூரைக்கும் நடுவே செங்குத்தாக நிறுத்துங்கள். கை தடையில்லாமல் நின்றால் அளவு சரி. பருத்தித் துணிக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். வட சென்னையின் வியர்வைக்கும் தூசுக்கும் பொருந்துவதும் இதுதான். துணிகள் ஒன்றையொன்று தாங்குவதால் ஸ்பின் சீராக ஓடும். தண்ணீர்க் கணக்கு மேலே பார்த்ததுதான்.

மின்சாரத்தைப் பற்றிப் பலருக்கும் தேவையற்ற பயம் இருக்கிறது. ஃபிரண்ட் லோடு மெஷினில் மின்சாரத்தை அதிகம் இழுப்பது மோட்டார் அல்ல, நீரைச் சூடாக்கும் ஹீட்டர். துவைப்புக்கு 15 லிட்டர் நீர் எடுக்கிறது என்று கொள்வோம். நம் ஊரில் குழாய் நீரே பெரும்பாலான மாதங்களில் 30 டிகிரியை ஒட்டி இருக்கிறது. அதை 40 டிகிரிக்கு உயர்த்த 0.17 யூனிட் போதும். 60 டிகிரி என்றால் 0.52 யூனிட், மூன்று மடங்கு. துணியும் டிரம்மும் சூடாவதற்குக் கொஞ்சம் கூடும். ஆகவே அன்றாடத் துணிக்கு 40 டிகிரி வைப்பதில் இங்கே பெரிய செலவு இல்லை. கைக்குழந்தையின் அரைக்கச்சை, நோயாளியின் விரிப்பு போன்றவற்றுக்கு மட்டும் 60 வையுங்கள். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கு மாறிவிடும் என்பதால் அந்த எல்லைக்கு அருகே இருப்பவர்கள் தடவைகளைக் குறைப்பது நல்லது. அதையும் கை அகல அளவே செய்துகொடுக்கிறது.

இதிலும் குறை உண்டு. கலந்து போட முடியாது. ஐந்து கிலோ சேர வெள்ளை மட்டுமோ சாயம் போகும் நிறத் துணி மட்டுமோ இருக்க வேண்டும். சிறிய குடும்பத்துக்கு அது சேரவே ஐந்தாறு நாள் ஆகும். வியர்வை ஈரத்தோடு கூடையில் கிடந்தால் கரும்புள்ளி பிடிக்கும். தனியாகவோ இருவராகவோ இருப்பவர்கள் கை அகலத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். பாதி டிரம்மே அவர்களுக்குச் சரி. சேர்த்து வைப்பவர்கள் துணியைக் கூடைக்குள் அமுக்காமல் விளிம்பில் விரித்துப் போட்டு வையுங்கள்.

## கதவு மூடும் வரை: ஏழு கிலோவும் அதற்கு மேலும்

இந்த வழியில் எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் அதன் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். 15 கிலோவை இரண்டே தடவையில் முடித்தால் 136 லிட்டர்தான் ஆகிறது. மெட்ரோ லாரி வராத வாரத்தில் அந்த மிச்சம் பெரிதாகத் தெரியும். அழுக்கே இல்லாத, பெட்டியில் கிடந்து வாடை பிடித்த பருத்தித் துணிகளைப் பண்டிகைக்கு முன் ஒருமுறை நனைத்து எடுப்பதற்கு டிரம் நிறையப் போடலாம். அப்போதும் அழுத்தித் திணிக்காமல் தளர்வாக.

அன்றாடத் துணிக்கு இது கட்டுப்படியாகாது. சோப்பு மடிப்புகளில் தங்கும். கருநீல நைட்டியில் வெள்ளைக் கோடாகத் தெரியும், குழந்தையின் கழுத்தில் அரிப்பாகத் தெரியும். அதைப் போக்கக் கூடுதல் அலசல் ஒன்று வைத்தால் ஒரு தடவைக்கு 15 லிட்டர் ஏறுகிறது. இரண்டு தடவைக்கும் சேர்த்து 166 லிட்டர். கை அகல அளவுக்கு ஆன 174 லிட்டரோடு ஒப்பிட்டால் மிச்சம் அரை வாளி. அதில் நான்கு சட்டையைத் திரும்பத் துவைக்க நேர்ந்தால் அந்த அரை வாளியும் போய்விடும்.

போர் தண்ணீர் உள்ள வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். கடலோரத் தெருக்களில் நிலத்தடி நீர் உப்பும் கடினத்தன்மையும் ஏறியது; அதில் சோப்பு தன் வேலையைச் செய்வதற்குள் பாதி வீணாகிவிடும், துணி சாம்பல் நிறம் ஏறும். மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010ஆம் ஆண்டிலிருந்து இயங்கும், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட ஆலை கடல்நீரைச் சுத்திகரித்து வட சென்னைக்கு அனுப்புகிறது. அந்த நீரில் கடினத்தன்மை குறைவு. ஆகவே ஒரே வீட்டில்கூட மெட்ரோ தண்ணீர் வரும் நாளில் சோப்புத்தூளைக் குறைக்கலாம், போர் தண்ணீர் நாளில் சற்றுக் கூட்ட வேண்டும். போர் தண்ணீரில் திணித்துப் போடுவதை மட்டும் எந்த நாளும் செய்யாதீர்கள்.

மெஷினின் ஆயுளைப் பற்றிப் பட்ட அனுபவமே இருக்கிறது. என் முதல் ஃபிரண்ட் லோடு மெஷினில் ஞாயிறுதோறும் ஒரு வாரத்து விரிப்புகள் அனைத்தையும் முழங்காலால் அமுக்கிப் போட்டுவந்தேன். நான்காம் ஆண்டில் ஸ்பின் ஓடும்போது விமானம் இறங்குவதுபோல் சத்தம் எழுந்தது. பழுது பார்க்க வந்தவர் டிரம்மைக் கையால் மெதுவாகச் சுழற்றிக் காட்டினார், கரகரவென்று அரைத்தது. பேரிங் போய்விட்டது. அந்த மாடலில் தொட்டி ஒட்டி மூடப்பட்டது என்பதால் பேரிங்கை மட்டும் மாற்ற முடியாது, தொட்டியையே மாற்ற வேண்டும் என்றார். பல ஆயிரம் ரூபாய் அன்று போனது. ஏழு கிலோ பருத்தி நீரைக் குடித்தால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும். அத்தனையையும் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழற்றும் பாரம் அந்தப் பேரிங்கின்மேல்தான் விழுகிறது. கதவு ரப்பரில் துணி முனை சிக்கிக் கிழிவதும், ரப்பரே கிழிந்து தரையெல்லாம் நீர் ஒழுகுவதும் இதன் தம்பிகள்.

கொடிக் கணக்கையும் போட்டுவிடுவோம். ஸ்பின் முடிந்த பிறகும் பருத்தித் துணியில் அதன் உலர் எடையில் பாதிக்கு மேல் ஈரம் இருக்கும். ஏழு கிலோ துணி என்றால் ஏறக்குறைய நான்கு லிட்டர் தண்ணீர் உங்கள் கொடியில் தொங்குகிறது. மழைக்காலத்தில் ஓர் அறைக்குள் அது எங்கே போகும்? சுவருக்குத்தான். வெயில் நாளிலும் வட சென்னைக் கொடிக்கு வேறு கவலை உண்டு. 2011இல் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நிற்கும்வரை, ராயபுரத்து மாடிகளில் காயும் வெள்ளை வேட்டிகளில் கரித்தூள் படியும். எண்ணூர்ப் பக்கத்தில் இன்றும் சாம்பல் தூசுக்காகக் கொடியைத் துடைத்துவிட்டுத்தான் துணி போடுகிறார்கள். நெருக்கிப் போட்ட துணி மெதுவாகக் காயும்; மெதுவாகக் காய்வதில் தூசும் அதிகம் ஏறும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பாதி டிரம் (3 கிலோ) | கை அகலம் விட்டு (5 கிலோ) | கதவு மூடும் வரை (7 கிலோவுக்கு மேல்) |
|---|---|---|---|
| அழுக்கு நீக்கம் | மிக நன்று | நன்று | காலர், கைமடிப்பில் தங்கும் |
| அலசல் | மிக நன்று | நன்று | கூடுதல் அலசல் தேவை |
| 15 கிலோவுக்குத் தண்ணீர் (என் வீட்டு அளவு) | 225 லிட்டர் | 174 லிட்டர் | 136. கூடுதல் அலசலோடு 166 லிட்டர் |
| வாரத்தில் எத்தனை தடவை | 5 | 3 | 2, மறுதுவைப்பு தனி |
| மெஷினுக்குப் பாரம் | குறைவு | குறைவு | அதிகம் |
| கொடியில் இடம் | தாராளம் | போதும் | நெருக்கம் |
| ஏற்ற துணி | சீருடை, செயற்கை இழை, குழந்தைத் துணி | அன்றாடப் பருத்தி, டவல் | அழுக்கில்லாத பருத்தி, எப்போதாவது |

## தொழில் அழுக்குத் துணிகள்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்பவர்களின் துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காதீர்கள். முதலில் உதறிச் செதில்களை நீக்குங்கள். வாளியில் குளிர்ந்த நீரில் ஊறவைத்து அலசுங்கள். ஆரம்பத்திலேயே சுடுநீர் பட்டால் மீன் இரத்தமும் புரதக் கறையும் இழையோடு இறுகிவிடும். பிறகு பாதி டிரம்முக்கு மேல் போகாமல் துவையுங்கள். செதிலும் மணலும் மெஷினின் அடியில் சிறிய மூடிக்குப் பின்னால் இருக்கும் வடிகட்டியில் சேரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கீழே ஒரு தட்டை வைத்துக்கொண்டு திறந்து கழுவுங்கள். மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளின் எண்ணெய்க் கறைச் சீருடைக்கும் பாதி டிரம்தான். பெட்ரோலோ தின்னரோ பட்ட துணியை மட்டும் மெஷினுக்கு அருகிலேயே கொண்டுபோகாதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

## திருவொற்றியூர் வீட்டுக்கு

அம்மா, உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இது. மெட்ரோ தண்ணீர் வரும் நாட்களில் இரண்டைத் தேர்ந்தெடுத்து, பருத்தித் துணியை வெள்ளை ஒரு நாள், நிறம் ஒரு நாள் என்று பிரித்துக் கை அகல அளவில் போடுங்கள். காலரில் முதலில் சோப்பைத் தேய்த்து ஐந்து நிமிடம் விடுங்கள். பிள்ளைகளின் சீருடையைப் புதன், சனி இரண்டு நாளும் பாதி டிரம்மாகப் போடுங்கள். சனிக்கிழமை தவறினால் ஞாயிறு மழை வந்துவிடும், திங்கட்கிழமை ஈரச் சீருடைதான். விரிப்பு இரண்டுக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம், அவற்றோடு தலையணை உறைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தையிடம் ஒரு பீப்பாயைக் கேட்டு வாங்கிக் கழிவுநீர்க் குழாயை அதன் விளிம்பில் மாட்டுங்கள். முதலில் வரும் சோப்பு நீர் வாசல் கழுவ ஆகும். கடைசி அலசல் நீர் தடவைக்கு ஒரு வாளி கிடைக்கும். வாரத்தில் நான்கு தடவைக்கு நான்கு வாளி, கழிப்பறையில் ஊற்ற.